ஹென்றி கெம்ப்பி

சார்லஸ் ஹென்றி கெம்ப்பி (1922 - 1984) ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய குழந்தைநல மருத்துவரும் தீநுண்மவியல் ஆய்வாளரும் ஆவார். சிறார் வன்கொடுமையை ஒரு மருத்துவச் சிக்கலாக உலகம் ஏற்கச் செய்தவர் என்று இவர் பரவலாக அறியப்படுகிறார். அதற்கு முன்பே, கொடையாகப் பெற்ற குருதி நீர்மத்தைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்க முடியுமா என்பதை மதராஸ் நகரில் இவர் சோதித்தார். தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இவருக்கு இடம் தருவது இந்தப் பணியே.

இளமை

கெம்ப்பி பிரெஸ்லவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இந்நகர் இன்று போலந்தில் விரோத்ஸ்வாஃப் எனப்படுகிறது. நாஜி ஆட்சியிலிருந்து தப்பி, பதின்ம வயதில் அமெரிக்கா சென்றார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1945 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் படையில் தீநுண்ம ஆய்வாளராகப் பணியாற்றினார். 1956 இல், தம் 34 ஆம் வயதில், டென்வரில் கொலராடோ பல்கலைக்கழகக் குழந்தைநலத் துறையின் தலைவரானார்.

இரவல் எதிர்ப்பாற்றல்

அக்காலத்தில் அமெரிக்காவில் பெரியம்மை மறைந்துவிட்டது. அதற்கான அம்மை குத்துதல் மட்டும் தொடர்ந்தது. தோலில் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கும், நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் அந்தத் தடுப்பூசியில் உள்ள உயிருள்ள தீநுண்மமே ஆபத்தாக முடிந்தது. சிலருக்கு ஊசி இட்ட புண் ஆறாமல் படர்ந்து உயிரைப் பறித்தது.

அண்மையில் அம்மை குத்திக்கொண்ட படைவீரர்களின் குருதியில் பிறபொருளெதிரிகள் மிகுந்திருக்கும். அவர்கள் கொடையளித்த குருதியின் நீர்மத்திலிருந்து காமா குளோபுலின் புரதத்தைப் பிரித்துச் செறிவாக்கி, கெம்ப்பி இக்குழந்தைகளுக்குச் செலுத்தினார். ஒருவர் உடல் உருவாக்கிய எதிர்ப்பாற்றலை மற்றவருக்கு இரவலாகத் தருவதே இம்முறை. இரவல் என்பதால் அது சில வாரங்களே நிலைக்கும்.

மதராஸ் ஆய்வு

பெரியம்மையையே இம்முறையால் தடுக்க முடியுமா என்பதை அமெரிக்காவில் அறிய வழியில்லை. மதராஸில் அந்நோய் ஆண்டுதோறும் பரவி வந்தது. மதராஸிலும், தெற்கே காரியாபட்டி, சாத்தூர் போன்ற ஊர்களிலும், அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி வெளியார் வரவைத் தவிர்ப்பது வழக்கம். ஒருவகையில் இதுவும் தனிமைப்படுத்தலே. ஆனால் நோயாளியுடன் அதே கூரையின் கீழ் இருந்தவர்களை இது காக்கவில்லை. கெம்ப்பி குழுவினரின் ஆய்வு இந்த வீட்டாரைப் பற்றியதே. மதராஸ் மருத்துவர்களுடன் லிவர்பூலைச் சேர்ந்த ஆலன் டௌனியும் இக்குழுவில் இருந்தார்.

முடிவுகள் 1961 இல் உலக சுகாதார அமைப்பின் இதழில் வெளியாயின. தடுப்பூசியுடன் குளோபுலினும் பெற்ற 326 பேரில் 5 பேருக்கே பெரியம்மை கண்டது. குளோபுலின் பெறாத 379 பேரில் 21 பேருக்குக் கண்டது. அதாவது சுமார் 5.5 விழுக்காடு 1.5 விழுக்காடாகக் குறைந்தது. தடுப்பூசியால் உடல் தன் எதிர்ப்பாற்றலை உருவாக்கிக்கொள்ளும் வரையிலான இடைவெளியை இரவல் பிறபொருளெதிரிகள் நிரப்பின எனலாம். ஆனால் கொப்புளங்கள் தோன்றி நோய் முற்றியவர்களுக்கு இம்முறையால் தெளிவான பயன் ஏதுமில்லை. தவிரவும் குளோபுலின் விலை மிக்கது, அரிதானது. எனவே ஊரெங்கும் பயன்படுத்த அது ஏற்றதாக அமையவில்லை. இந்தியாவில் பெரியம்மை 1975 இல் ஒழிந்தது தடுப்பூசியாலும், நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்து சுற்றியிருப்போரைக் காத்த பணியாலுமே ஆகும்.

தடுப்பூசியின் தீங்குகளை நேரில் கண்ட கெம்ப்பி, அமெரிக்கக் குழந்தைகளுக்கு வழக்கமாக அம்மை குத்துவதை நிறுத்த வேண்டும் என்று 1965 இல் வலியுறுத்தினார். பெரியம்மை ஆய்வாளர் ஒருவரே இவ்வாறு கூறியது பலருக்கு உவப்பாக இல்லை. 1972 இல் அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

சிறார் வன்கொடுமை

1962 இல் இவரும் நான்கு மருத்துவர்களும் எழுதிய கட்டுரை, எலும்பு முறிவுகளுடன் வரும் குழந்தைகள் பலர் பெற்றோராலேயே தாக்கப்பட்டவர்கள் என்பதை வெளிப்படையாகக் கூறியது. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும், இத்தகைய காயங்களை மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றின. மனநல மருத்துவரான இவருடைய மனைவி ரூத் கெம்ப்பியும் இப்பணியில் இணைந்திருந்தார். கெம்ப்பி 1984 இல் ஹவாயியில் காலமானார்.

உறுப்பு மாற்றமும் குருதி நீர்மமும்

கெம்ப்பி பணியாற்றிய அதே டென்வர் பல்கலைக்கழகத்தில்தான் 1963 இல் தாமஸ் ஸ்டார்சல் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார். மாற்றுறுப்பை உடல் ஏற்க, எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்க வேண்டும். அப்போது தீநுண்மங்கள் எளிதில் தலையெடுக்கும். இவற்றுள் சைட்டோமெகலோ தீநுண்மம் முதன்மையானது. இதற்கான பிறபொருளெதிரி மிகுந்த கொடையாளர்களின் நீர்மத்திலிருந்து செய்த குளோபுலினை, சிறுநீரகம் பெற்ற 59 பேரைக் கொண்டு அமெரிக்காவில் சோதித்தனர். குளோபுலின் பெறாதோரில் 60 விழுக்காட்டினருக்கும், பெற்றோரில் 21 விழுக்காட்டினருக்குமே அத்தீநுண்ம நோய் ஏற்பட்டதாக 1987 இல் அறிவிக்கப்பட்டது.

2020 இல் கொரோனா பரவியபோது, நோயிலிருந்து மீண்டோரின் பிளாஸ்மா இந்தியாவெங்கும் தேடப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் அதனால் உயிரிழப்பு குறையவில்லை. 2021 மே மாதம் அது இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர் போன்று, தாமாகப் போதிய பிறபொருளெதிரிகளை உருவாக்க இயலாதவர்களுக்கு வெளிநாடுகளில் சில மருத்துவமனைகள் அதன் பிறகும் அதனை வழங்கி வந்தன.