ஓய்வூதியத்திற்குப் பணம் கொடுப்பது யார்? வால்டர் ரூதரின் வாழ்க்கை சொல்லும் பாடம்

தொழிற்சங்கம் பேசி வாங்கித் தரும் ஓய்வூதியத்தை முதலாளி கொடுக்கிறார் என்றே பலரும் நினைக்கிறோம். அந்தப் பணம் உண்மையில் யாருடைய பையிலிருந்து வருகிறது? இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் போராடியவர் அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் வால்டர் ரூதர்.

1907 செப்டம்பர் 1ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஜெர்மனியிலிருந்து குடியேறியவர், பீர் ஆலையில் வண்டி ஓட்டியவர், தீவிரத் தொழிற்சங்கவாதி. ரூதர் பள்ளியைப் பாதியில் விட்டு, ஆலைகளுக்கான அச்சுகளும் கருவிகளும் செய்யும் தொழிலைக் கற்றார். 1927இல் டெட்ராய்ட் நகருக்குச் சென்று, ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே விட்ட படிப்பை முடித்தார்.

1937 மே மாதம், ஃபோர்டு ஆலை வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுக்கச் சென்ற அவரை நிறுவனத்தின் ஆட்கள் அடித்து நொறுக்கினர். பத்திரிகைகளில் வந்த படங்கள் அவரை நாடறியச் செய்தன.

1945இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திடம் 30 விழுக்காடு சம்பள உயர்வு கேட்டார். கூடவே, காரின் விலையை ஏற்றக்கூடாது என்றும், கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்ட வேண்டும் என்றும் கேட்டார். விலை ஏறினால், கார் வாங்கும் இன்னொரு தொழிலாளியே அந்த உயர்வுக்குப் பணம் கட்டுவார் அல்லவா? 113 நாள் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஓரளவு சம்பளம் உயர்ந்தது. மற்ற இரண்டு கோரிக்கைகளும் நிறைவேறவில்லை.

1946இல் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். 1948இல் வீட்டிலேயே சுடப்பட்டு, வலது கையில் படுகாயமடைந்தார். ஆனாலும் பின்வாங்கவில்லை. 1949இல் ஃபோர்டு நிறுவனம் ஓய்வூதியத்திற்கு ஒப்புக்கொண்டது. 30 ஆண்டுகள் உழைத்தவருக்கு 65 வயதில், அரசின் முதியோர் உதவித்தொகையும் சேர்ந்து, மாதம் 100 டாலர்.

தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு காசும் பிடிக்கப்படவில்லை. ஆனாலும் ரூதர் அதை முதலாளியின் நன்கொடையாகக் கருதவில்லை. இன்று கையில் வாங்கியிருக்கக்கூடிய கூலியைத்தான் தொழிலாளி முதுமைக்காகத் தள்ளிப்போடுகிறார் என்பது அவர் வாதம். அப்படியென்றால் அந்தப் பணம் இன்றே தனியாக எடுத்து வைக்கப்பட வேண்டும். கிரைஸ்லர் நிறுவனம் ஓய்வூதியம் தருவதாகச் சொன்னது. ஆனால் அதற்கு நிதி ஒதுக்க மறுத்தது. 1950இல் 104 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கம் வென்றது.

இருந்தும் ஓர் ஓட்டை மிஞ்சியது. ஓய்வூதியத் திட்டம் வருவதற்கு முன்பு உழைத்த ஆண்டுகளும் கணக்கில் சேர்க்கப்பட்டன. அதற்கான பணத்தை நிறுவனங்கள் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கட்டலாம். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் ஓய்வூதியம் உயர்ந்தது. நிதி அதே வேகத்தில் நிறையவில்லை.

1963 டிசம்பரில் ஸ்டூட்பேக்கர் நிறுவனம் சவுத் பெண்ட் நகரிலிருந்த தன் கார் ஆலையை மூடியது. ஓய்வு பெற்றவர்களும் 60 வயதை எட்டிய தகுதியுள்ளவர்களுமாக ஏறக்குறைய 3,600 பேருக்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 4,000 பேருக்கு, சேர வேண்டியதில் 15 விழுக்காடுதான் கிடைத்தது. இன்னும் 2,900 பேருக்கு எதுவுமே இல்லை. மூத்தவர்களின் ஓய்வூதியத்திற்கான விலையை இளையவர்கள் கொடுத்தார்கள்.

தனியார் ஓய்வூதியங்களுக்கு அரசின் காப்புறுதி வேண்டும் என்று ரூதரின் சங்கம் வலியுறுத்தியது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1970 மே 9ஆம் தேதி விமான விபத்தில் மனைவி மேயுடன் மாண்டார். 1974இல்தான் அமெரிக்கா அதற்கான சட்டத்தை இயற்றியது.

பகுதிநேர வேலை செய்யும் மாணவர்கள் சம்பளச் சீட்டில் ஊழியர் சேமநிதித் தொகையைப் பார்த்திருப்பீர்கள். அது மாதந்தோறும் உங்கள் பெயரிலேயே சேர்கிறது. வேலை செய்யும் நிறுவனம் மூடப்பட்டாலும் கணக்கில் சேர்ந்த பணம் போய்விடாது. முதலாளியின் பங்கு என்று அதில் எழுதியிருப்பதும் உங்கள் உழைப்பின் விலையில் ஒரு பகுதிதான். அதைக் கட்டாமல் விடுகிற முதலாளி சலுகையைக் குறைக்கவில்லை, கூலியைப் பிடித்து வைக்கிறார். எனவே, அந்தத் தொகை ஒழுங்காகக் கணக்கில் சேர்கிறதா என்று முதல் மாதத்திலிருந்தே பாருங்கள்.