காலிலிருந்து இதயத்துக்குப் போன பலூன்

போருக்குப் போன தந்தை திரும்பி வராத பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அன்ட்ரியாஸ் குருன்சிக் அவர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போர் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, 1939 ஜூன் 25 அன்று ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். போருக்குப் பின் அவரையும் அண்ணனையும் தாயே வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிழக்கு ஜேர்மனியை விட்டு மேற்குக்கு வந்து, ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார்.

இன்று இதய நாடிக்குள் பலூன் விட்டார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள் என்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறோம். அதற்கு வழி திறந்தவர் இவர். ஆனால் அவர் தொடங்கிய இடம் இதயம் அல்ல, கால்.

1964 இல் அமெரிக்காவின் போர்ட்லன்ட் நகரில் சார்ல்ஸ் டொட்டர் என்ற கதிரியக்க வைத்தியர், விரல்கள் அழுகத் தொடங்கியும் காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடை நாடி அடைப்பை, உள்ளே குழாய்களைச் செலுத்தி விரித்தார். கால் தப்பியது. அவருடைய நாட்டில் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரத்தக்குழாய் நோய்ப் பிரிவில் வேலை செய்த குருன்சிக் பொருட்படுத்தினார். வீட்டுச் சமையலறை மேசையில், மனைவியினதும் உதவியாளரினதும் துணையோடு, குழாயின் நுனியில் சிறு பலூன் பொருத்திப் பார்த்தார். 1974 இல் அதைக் காலின் நாடியில் பயன்படுத்தினார். 1977 செப்டெம்பர் 16 அன்று, தன்னைப் போலவே 38 வயதான ஒருவரின் இதய நாடிக்குள் செலுத்தினார். விழித்திருந்த நோயாளியின் நெஞ்சு நோ தீர்ந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்தபோதும் அந்த நாடி திறந்தே இருந்தது.

அன்று அவர் தனியாக நிற்கவில்லை. நாடி கிழிந்தால் உடனே நெஞ்சைத் திறக்க, சத்திரசிகிச்சைக் குழு தயாராக இருந்தது. அந்த மருத்துவமனையின் இதய சத்திரசிகிச்சைத் தலைவர் ஓக்கே சென்னிங், தன் துறையின் வேலையைக் குறைக்கக்கூடிய ஒரு முறைக்கே ஆதரவு கொடுத்தார். கதிரியக்க வைத்தியரின் யோசனை, இரத்தக்குழாய் வைத்தியரின் கை, சத்திரசிகிச்சை நிபுணரின் காவல். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த நாள் வந்திராது.

இந்த வாழ்க்கையை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வன்னியில் செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக எழுதிய கடிதங்களும் கிளினிக் கொப்பிகளும் ஒரே பையில் கிடப்பதைப் பார்க்கிறேன். சீனி வருத்தத்துக்கு ஒரு கொப்பி, இதயத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. அவற்றை வைத்திருக்கும் அம்மாக்கள் இவை மூன்றும் வேறு வேறு வருத்தங்கள் என்றே நினைக்கிறார்கள்.

உடம்புக்குள் அப்படிப் பிரிவு இல்லை. நாடிச் சுவரில் கொழுப்புப் படியும் ஒரே நோய்தான் இதயத்தில் மாரடைப்பாகவும், மூளையில் பக்கவாதமாகவும், காலில் நடக்கும்போது கெண்டைச் சதையைப் பிடிக்கும் நோவாகவும் வருகிறது. காலில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பு வரும் ஆபத்தும் கூடுதல். இதய வைத்தியர், இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை நிபுணர், கதிரியக்க நிபுணர் எல்லோரும் பார்ப்பது ஒரே குழாய்த் தொடரின் வெவ்வேறு பகுதிகளைத்தான். ஆகவே நடந்தால் கால் நோவதை இதயக் கிளினிக்கிலும் சொல்லுங்கள். எல்லாக் கொப்பிகளையும் எல்லா வைத்தியரிடமும் காட்டுங்கள்.

குருன்சிக் தன் முறையை ஒளித்து வைக்கவில்லை. 1978 இலிருந்து வெளிநாட்டு வைத்தியர்களை அழைத்து, சிகிச்சையை நேரடியாகத் திரையில் பார்க்க வைத்தார். 1980 இல் அமெரிக்காவின் அட்லான்டாவுக்குப் போனார். 1985 ஒக்டோபர் 27 அன்று, தானே ஓட்டிய சிறு விமானம் விழுந்து, இரண்டாவது மனைவியோடு இறந்தார். அப்போது அவருக்கு வயது 46. காலை எடுக்காமல் காப்பாற்றிய டொட்டரும் அதே ஆண்டு பெப்ரவரியில் இறந்திருந்தார்.