பெயர் மறைந்தது, பணி நிலைத்தது
வணக்கத்திற்குரிய மேரி வார்டு வாழ்வு தரும் சிந்தனை



நம் ஊர்களில் 'கான்வென்ட்' என்றால் சகோதரிகள் நடத்தும் பள்ளி என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். சகோதரிகள் மடத்தைவிட்டு வெளியே வந்து பாடம் சொல்லிக் கொடுப்பது நமக்கு வெகு இயல்பான காரியம். ஆனால் நானூறு ஆண்டுகளுக்கு முன், இந்த இயல்பான காரியத்திற்காக ஒரு பெண் சிறைவைக்கப்பட்டார். அவரைச் சிறைவைத்தது அவர் நேசித்த திருச்சபையே என்பதுதான் வேதனை.

மேரி வார்டு 1585 ஜனவரி 23 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தார். அங்கே கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பதே குற்றமாக இருந்த காலம் அது. விசுவாசத்திற்காக 14 ஆண்டுகள் சிறையில் கழித்தவர் அவருடைய பாட்டி. தாய்மாமன்மார் இருவர் 1605இல் வெடிமருந்துச் சதியில் சேர்ந்து உயிரிழந்தனர். அதன்பின் கத்தோலிக்கர் மீது அடக்குமுறை இன்னும் கடுமையானது. மேரி தேர்ந்துகொண்ட வழி வேறு.

1606இல் கடல் கடந்து, இன்றைய பிரான்சிலுள்ள செயிண்ட் ஓமேர் நகரில் கிளாரா சபையில் சேர்ந்தார். ஆனால் அடைபட்ட மடம் தமக்குரிய அழைத்தல் அல்ல என்று உணர்ந்து வெளியே வந்தார். தோழியர் சிலருடன் அதே நகரில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். தாய்நாட்டில் கத்தோலிக்கக் கல்வி பெற வழியில்லாத ஆங்கிலேயச் சிறுமியர் அங்கே தங்கிப் படித்தனர். உள்ளூர்ச் சிறுமியர் தினமும் வந்து படித்துச் சென்றனர். ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்ட இலத்தீன் மொழியும் கற்பிக்கப்பட்டது.

துறவறப் பெண்கள் அடைப்புக்குள்ளேயே வாழ வேண்டும் என்பது திரெந்து பொதுச்சங்கத்தின் சட்டம். மேரியோ, இயேசு சபையினரைப்போல எங்கும் சென்று பணிபுரியவும், தங்கள் சபையைப் பெண்களே வழிநடத்தவும் அனுமதி கேட்டார். 1621இல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து கால்நடையாக உரோமைக்குச் சென்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாள் போய்ச் சேர்ந்தார். அனுமதி கிடைக்கவில்லை. ஆயினும் உரோமை, நேப்பிள்ஸ், பெருஜியா, மியூனிக், வியன்னா என்று பள்ளிகள் பெருகின. கூடவே எதிர்ப்பும் பெருகியது. ஊர் சுற்றும் பெண்கள் என்று ஏளனம் செய்தவர்களுள் குருக்களும் இருந்தனர்.

1631 ஜனவரி 13 அன்று திருத்தந்தை எட்டாம் உர்பான் வெளியிட்ட ஆணை சபையை அடியோடு கலைத்தது. பிப்ரவரியில் மேரி தப்பறைக்காரி என்ற பெயரில் மியூனிக் நகரின் கிளாரா மடத்தில் சிறைவைக்கப்பட்டார். அங்கே சாகும் நிலைக்குச் சென்றார். எலுமிச்சைச் சாற்றால் தாளில் எழுதித் தோழியருக்கு அனுப்பினார். நெருப்பருகே காட்டினால்தான் எழுத்து தெரியும். முந்தைய ஆண்டு, இல்லங்களை மூடச் சொன்ன அதிகாரிகளுக்குப் பணிய வேண்டாம் என்று எழுதியவர் அவர். அது திருத்தந்தையின் விருப்பமல்ல என்று நம்பினார். திருத்தந்தையின் ஆணையே வந்தபோது பணிந்தார். தம்மேல் சுமத்தப்பட்ட தப்பறைப் பழியை மட்டும் கடைசிவரை மறுத்தார். ஏப்ரலில் விடுதலையானார். உரோமை அவரைக் குற்றமற்றவர் என ஏற்றது. ஆனால் சபையைத் திருப்பித் தரவில்லை.

1639இல் இங்கிலாந்து திரும்பிய மேரி, உள்நாட்டுப் போரின் நடுவே, 1645 ஜனவரி 30 அன்று யார்க் நகரருகே ஹெவர்த்தில் இறந்தார். உலகத்தின் கண்ணுக்கு அவர் தோற்றுப்போனவர்.

ஆனால் 1686இல் அவருடைய வழிவந்த பிரான்சிஸ் பெடிங்ஃபீல்டு யார்க் நகர வாயிலருகே ஒரு வீட்டை வாங்கி, பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். அதுவே 'பார் கான்வென்ட்'. 1699இல் ஏழைச் சிறுமியருக்கு இலவசப் பகல்நேரப் பள்ளியும் சேர்ந்தது. அரசின் கண்ணுக்கு அஞ்சி, 1769இல் கட்டிய சிற்றாலயத்தின் குவிமாடத்தைச் சாதாரணக் கூரைக்குக் கீழே மறைத்தார்கள். ஆபத்து வந்தால் தப்பிச் செல்ல எட்டுக் கதவுகள் வைத்தார்கள்.

மறைந்திருந்தது குவிமாடம் மட்டுமா? 1749இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் சகோதரிகளின் பணி தொடர வழிவிட்டார். ஆனால் மேரியைத் தங்கள் நிறுவனர் என்று அவர்கள் சொல்லக் கூடாது என்றார். அவர்களும் பணியைத் தொடர்ந்தார்கள். 1909இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் காலத்தில்தான் அந்தப் பெயர் திரும்பக் கிடைத்தது. கலைப்பாணை வந்து 278 ஆண்டுகள் கடந்திருந்தன! 2009இல் மேரி வணக்கத்திற்குரியவராக அறிவிக்கப்பட்டார்.

இந்த வரலாறு நம் நாட்டையும் தொடுகிறது. பார் கான்வென்டில் படித்த அயர்லாந்துச் சிறுமி பிரான்சிஸ் பால், பின்னாளில் டப்ளினில் லொரேட்டோ சகோதரிகளின் கிளையைத் தொடங்கினார். அவர் அனுப்பிய சகோதரிகள் 1841 இறுதியில் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அதே லொரேட்டோ சபையில் 1928இல் சேர்ந்து, கல்கத்தாவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்தான் நம் புனித அன்னை தெரசா.

அன்புக்குரியவர்களே, நம் பள்ளிகளிலும் பங்குகளிலும் கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாத எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. விடுதிப் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்ட சகோதரி, சம்பளமின்றி மறைக்கல்வி கற்பித்த ஆசிரியை என்று எத்தனை முகங்கள்! அவர்களை நாம் நினைத்துப் பார்த்ததுண்டா? பொறுப்பில் இருக்கும் நாம் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்வோம். புதிதாக ஒரு நற்பணியோடு நம் முன் வந்து நிற்பவர்களை, வழக்கத்தில் இல்லை என்ற ஒரே காரணத்திற்காக நாம் திருப்பி அனுப்பியதில்லையா? மேரிக்கு நீதி கிடைக்க ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆயின. நம்மால் காயப்பட்டவர்கள் அத்தனை காலம் காத்திருக்க வேண்டுமா?

இறைவா, பெயர் தேடாமல் உழைக்கும் மனத்தையும், உழைப்பவர்களை அடையாளம் காணும் கண்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.