மானிப்பாய் தந்த பாடம்: வைத்தியர் சாமுவேல் கிறீன்

1822இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் செய்தார். வந்த மறுவருடமே மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். ஊர் நோயாளரை ஒரு வெளிநாட்டவர் தனியே பார்த்து முடிக்க இயலாது என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார்.

வைத்தியசாலையே வகுப்பறையாயிற்று. 1857இல் அவர் தாயகம் சென்றபோது, அவரிடம் பயின்றவர்களே மானிப்பாயில் வேலையைத் தொடர்ந்தனர். ஐந்து வருடங்களின் பின் அவர் திரும்பி வந்தார். ஒரு குருவுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை இல்லை.

ஆயினும் ஒரு குறையை அவர் கவனித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரச உத்தியோகத்தை நாடினர். கிராமங்களுக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. ஆகவே 1860களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் நூல் இல்லாத குறையைத் தாமே நூல்களை ஆக்கித் தீர்த்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என நூல்கள் வெளிவந்தன. டான்போர்த், சப்மன், போல் முதலான மாணவர்கள் இம்மொழிபெயர்ப்புப் பணியில் அவருடன் உழைத்தனர். மாணவராக வந்தோரைச் சக ஊழியராக ஏற்றதே அவரது பெருமை. அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். அவர்களில் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள்.

1873இல் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பிய பின்னும் தமிழ் நூற் பணியை அவர் விடவில்லை. 1884இல் காலமானார். தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்றே தம் கல்லறையில் பொறிக்க விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

நானும் பல வருடங்கள், எல்லாவற்றையும் நானே செய்தால்தான் சரிவரும் என்று எண்ணி, லீவு எடுக்கவும் அஞ்சியவள். பயிற்சி வைத்தியர்களுக்கு வேலையைக் கொடுத்தேன், பொறுப்பைக் கொடுக்கவில்லை. கிறீனின் வாழ்க்கையைப் படித்த பின்பே என் பிழை விளங்கியது. இப்போது இளையவர் முதலில் தன் முடிவைச் சொல்வார்; நான் அருகில் நின்று கேட்பேன்; தவறினால் தனியே அழைத்துத் திருத்துவேன்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, லண்டனிலோ ரொறன்ரோவிலோ உயர் பொறுப்பில் இருக்கும் எம் சகோதரிகளே, நூற்றாண்டு காணும் இவ்வேளையில் உங்கள் வேலைத்தலத்தில் இளையவள் ஒருத்தியைக் கைப்பிடித்து வளர்த்துவிடுங்கள். பாடசாலைக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்கு அப்படித்தான் தீரும்.