சமூகவியற் பேராசிரியர் சீனிவாசர்

சென்னையினின்று கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில், எண்ணூரைக் கடந்ததும் அத்திப்பட்டு என்னும் ஊர் வரும். கழியும் உவர்நிலமும் சூழ்ந்த இவ்வூர்ப் பகுதியில் 1990களில் வட சென்னை அனல்மின் நிலையம் எழுந்தது. பிறகு சுற்றுப்புறம் தொழிற்பேட்டையாகப் பெருகியது. பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் பிழைப்பு நாடி வந்து குடியேறினர். ஓரூரில் இங்ஙனம் வாழ்க்கை மாறுங்கால் யார் யாரோடு உறவாடுகின்றனர், பழைய வழக்கங்களுள் எவை நிற்கின்றன, எவை நீங்குகின்றன என்பனவற்றை ஆராயும் கல்வி உண்டோ எனின், உண்டு. அதற்குச் சமூகவியல் என்பது பெயர். அக்கல்வி நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேரூன்றுமாறு உழைத்தவருள் தலைசிறந்தவர் பேராசிரியர் எம். என். சீனிவாசர் ஆவார்.

சீனிவாசர் 1916ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் மைசூரில் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் கன்னட நாட்டில் வாழ்ந்த தமிழ் பேசும் அந்தணர். தந்தையார் மக்களின் கல்வியைக் கருதிச் சிற்றூரை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்தவர். அவர்கள் வீட்டின் பின்புறத்தே குறும்பர் என்னும் ஆயர் குலத்தார் வாழும் தெரு ஒன்று இருந்தது. அத்தெருவினரின் பேச்சும் உணவும் வழிபாடும் தம் வீட்டாருடையவற்றினும் வேறாயிருத்தலைச் சிறுவர் சீனிவாசர் கண்டு வியந்தார். அயல்நாடு சென்று காண வேண்டிய புதுமை அடுத்த தெருவிலேயே இருந்தது! பிற்காலத்தில் தம் ஆராய்ச்சிக்கு வித்தாயமைந்தவற்றைக் கூறுமிடத்து, அவர் இத்தெருவையும் நினைவு கூர்ந்தார்.

மைசூர் மகாராசாக் கல்லூரியில் பட்டம் பெற்ற பின்னர், 1936இல் அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே சமூகவியல் துறைத் தலைவராக இருந்தவர் புகழ்மிக்க கூர்யே என்பவர். அவரிடம் பயின்று, மைசூர் நாட்டின் திருமண முறைகளையும் குடும்ப அமைப்பையும் பற்றிச் சீனிவாசர் எழுதிய ஆய்வு 1942இல் நூலாக வெளிவந்தது. தமிழ் நாட்டுப்புறப் பாடல்களையும் அவர் திரட்டி வெளியிட்டார். குடகு மக்களைப் பற்றிய பேராய்வுக்கு 1944இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்று, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ராட்கிளிஃப் பிரவுன், எவான்ஸ் பிரிட்சார்டு என்னும் பேரறிஞர்களின் மாணவரானார். அங்கும் பட்டம் பெற்று, அப்பல்கலைக்கழகத்திலேயே இந்தியச் சமூகவியல் விரிவுரையாளராகவும் அமர்த்தப் பெற்றார்.

பதவியின் முதலாண்டை இந்தியச் சிற்றூர் ஒன்றில் தங்கிக் கழிக்க அவருக்கு இசைவு கிடைத்தது. 1948இல் மைசூரை அடுத்த ஒரு சிற்றூருக்குச் சென்றார். அவ்வூரைத் தம் நூல்களில் இராமபுரம் என்னும் புனைபெயரால் குறித்தார். ஏறத்தாழ 1,500 மக்கள் வாழ்ந்த ஊர் அது. ஊர்த்தலைவருக்கு உரிய, எருதுகள் கட்டும் மனையே அவருக்குத் தங்குமிடமாயிற்று. அங்கிருந்தவாறே உழவையும் அறுவடையையும், திருமணத்தையும் திருவிழாவையும், வழக்கையும் பிணக்கையும் உடனிருந்து கண்டு குறித்துக்கொண்டார்.

அதுகாறும் நம் சமூகத்தைப் பற்றிப் பெரும்பாலும் பழைய நூல்களைக் கொண்டே அறிஞர் முடிவு கூறினர். வருணம் நான்கு என்றும், அவற்றின் நிலை என்றும் மாறாதது என்றும் ஏடு கூறும். ஊரிலோ சாதிகள் பல. அவற்றுள் எது உயர்ந்தது என்பதில் ஓயாத வழக்கு. நிலமும் ஆள்வலியும் உடைய சாதியே ஊரை நடத்தியது. இவ்வாறு ஏட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சீனிவாசர் நிறுவிக் காட்டினார். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியார் புலால் நீத்தும் கள்ளை விலக்கியும் மேற்சாதியாரின் சடங்குகளை மேற்கொண்டும் தம் நிலையை உயர்த்த முயலுதலை அவர் சமஸ்கிருதமயமாதல் என்றார். நிலமும் எண்ணிக்கையும் மிக்கு ஊரில் ஓங்கி நிற்கும் சாதியை ஆதிக்கச் சாதி என்றார். நம் சிற்றூர்கள் பிறரை வேண்டாது தாமே நிறைவுற்று விளங்கிய தனிக் குடியரசுகள் என்று ஆங்கில ஆட்சியாளர் சிலர் எழுதியது பொருந்தாது என்பதையும் விளக்கினார். உப்புக்கும் இரும்புக்கும், பெண் கொள்ளவும் கொடுக்கவும் ஓரூர் பிற ஊர்களை நாடியே வாழ்ந்தது என்பது அவர் கண்ட உண்மை.

1951இல் ஆக்ஸ்போர்டுப் பதவியைத் துறந்து அவர் தாயகம் திரும்பினார். பரோடாப் பல்கலைக்கழகம் தோன்றி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே சமூகவியல் துறையைத் தொடங்கும் பொறுப்பை ஏற்றார். 1959இல் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் அத்துறையைத் தோற்றுவித்தார். வகுப்பறையில் பாடஞ் சொல்லுதலோடு தம் கடமை முடிந்ததாக அவர் கருதவில்லை. மாணவர் ஊர்களுக்குச் சென்று, மக்களோடு தங்கி, கண்டவற்றை எழுதுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரிடம் பயின்றோர் பலர் பின்னர்ப் பேராசிரியராயினர்.

இராமபுரத்தைப் பற்றிய பெருநூலை எழுதும் எண்ணத்தோடு அவர் 1970இல் அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டில் உள்ள உயராய்வு நிலையத்தில் தங்கியிருந்தார். பதினெட்டு ஆண்டுகளாகத் தொகுத்து ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் அவர் அறையிலேயே இருந்தன. வியட்நாம் போரை எதிர்த்து அந்நாட்டு மாணவரிடையே கிளர்ச்சி மிகுந்திருந்த காலம் அது. ஏப்பிரல் 24ஆம் நாள் அந்நிலையத்துக்குச் சிலர் தீ வைத்தனர். மூன்று படிகளும் எரிந்தன.

பதினெட்டு ஆண்டு உழைப்பு ஓரிரவில் சாம்பலாயிற்று. ஊரில் இருந்தபோது எழுதிய முதற்குறிப்புகள் தில்லியில் எஞ்சியிருந்தன எனினும், அவற்றை மீண்டும் வகைப்படுத்தும் பணி மலைபோல் முன் நின்றது. சோர்ந்திருந்த அவரை நண்பர் சோல் டாக்சு என்னும் அறிஞர் தேற்றி, நினைவில் நிற்பதைக்கொண்டே நூலை எழுதுமாறு கூறினார். சீனிவாசரும் துணிந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பழகிய மாந்தரின் முகமும் பேச்சும், வயலின் பசுமையும், கோவில் விழாவின் ஆரவாரமும் ஒவ்வொன்றாக அவர் உள்ளத்தே எழுந்தன. அவ்வாறு உருவாகி 1976இல் வெளிவந்த நூலே, நினைவில் நின்ற ஊர் எனப் பொருள்படும் பெயருடைய அரிய நூல். புள்ளிவிவரங்கள் நிறைந்த ஆய்வு நூலாக முடிந்திருக்கக்கூடியது, உயிருள்ள ஓர் ஊரின் ஓவியமாக மலர்ந்தது.

இந்நூலில் அவர் தம் குறையையும் மறைத்தாரல்லர். தாம் அந்தணராயிருந்தமையாலும், ஊர்த்தலைவரின் மனையில் தங்கியமையாலும், மேற்சாதியாரின் கண்கொண்டே ஊரைப் பெரிதும் கண்டதாக ஒப்புக்கொண்டார். சேரியில் வாழ்ந்தோரின் இன்ப துன்பங்களை அவர்களோடிருந்து அறியும் வாய்ப்புக் குறைந்துபோனதை உணர்ந்து எழுதினார். இது சிறிய குறையன்று. ஓரூரில் மிகுந்த துன்பம் உற்றோரே அந்நூலில் குறைவாகப் பேசினர் என்பதாகும். எனினும், பிறர் சுட்டுமுன் தம் குறையைத் தாமே எடுத்துரைத்தல் கற்றோர் பலர்க்கும் அரிய செயல். பின்வந்த ஆய்வாளர் அக்குறையை நிரப்ப முயலுதற்கு அவ்வுண்மையுரையும் வழிகாட்டியாயிற்று.

1972இல் அவர் பெங்களூர் சென்று, சமூகப் பொருளாதார மாற்றங்களை ஆராயும் நிறுவனத்தில் பணியாற்றினார். 1977இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1999ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் எண்பத்து மூன்றாம் அகவையில், பெங்களூரில் மறைந்தார்.

தாளில் எழுதியது தீக்கு இரையாயினும், மக்களோடு கலந்து வாழ்ந்து உள்ளத்தில் எழுதிக்கொண்டது அழியாது என்பதற்குச் சீனிவாசர் வாழ்க்கை சான்றாகும். அத்திப்பட்டைப் போன்று மாறிவரும் ஊர்கள் நம் நாட்டில் எண்ணிறந்தன. கழியில் மீன் பிடித்த முதியவரும், மின் நிலையத்தில் பணி செய்வோரும், மொழி தெரியாத ஊரில் வந்து குடியேறியவரும் ஒரே தெருவில் நடக்கின்றனர். அவருள் ஒவ்வொருவரிடத்தும் ஏட்டில் ஏறாத வரலாறு ஒன்று உண்டு. மாணவர்காள்! அடுத்த தெருவை அறிந்துகொள்ளுங்கள். கண்டதைக் கண்டவாறு எழுதுங்கள். எழுதும்போது, யாருடைய குரல் இன்னும் நம் செவியில் விழவில்லை என்றும் வினவிக்கொள்ளுங்கள். அப்பேராசிரியர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.