அளவின் அருமை அறிந்த ராபர்ட் போஷ்

ரப்பர் பாலையும் செம்பனைக் குலைகளையும் ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரிகளை நாம் நன்கு அறிவோம். டீசல் லோரியின் இயந்திரத்திற்கு வேளை தவறாமலும் அளவு பிசகாமலும் எண்ணெய் ஊட்டுவதற்குப் பல்லாண்டுக் காலம் ஒரு சிறு பம்பே துணையாய் நின்றது. அப்பம்பினைச் செம்மையுற உருவாக்கி உலகெங்கும் பரப்பிய ராபர்ட் போஷ் என்னும் பெருமகனாரின் வரலாற்றை மாணவர்களும் பெற்றோரும் அறிதல் நலம் எனக் கருதி இங்கு வரைகின்றோம்.

ஜெர்மனி நாட்டில் உல்ம் நகருக்கு அருகிலுள்ள ஆல்பெக் என்னும் சிற்றூரில் 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ராபர்ட் போஷ் பிறந்தார். பன்னிரண்டு குழந்தைகளுள் அவர் பதினோராவது பிள்ளை. தந்தையார் விடுதி நடத்தியதோடு பயிர்த்தொழிலும் செய்து வந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நுண்கருவிகள் செய்யும் தொழிலைப் போஷ் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று எடிசனின் தொழிற்சாலையிலும், இங்கிலாந்து சென்று சீமென்ஸ் நிறுவனத்திலும் வேலை செய்து அனுபவம் பெற்றார்.

1886ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். அன்று அவருக்குத் துணை ஒரு தொழிலாளியும் ஓர் ஏவலாள் சிறுவனுமே. தொடக்க ஆண்டுகளில் வருவாய் நிலையாக இல்லை. எனினும், குறையுள்ள பொருளைத் தம் பெயரால் விற்பதில்லை என்னும் உறுதியிலிருந்து அவர் விலகவில்லை. பணத்தை இழந்தாலும் மக்களின் நம்பிக்கையை இழத்தலாகாது என்பதே அவர்தம் கொள்கை. பெட்ரோல் இயந்திரத்தில் தீப்பொறி எழுப்பும் மாக்னெட்டோ என்னும் கருவியால் அவர் புகழ் பரவிற்று.

அக்காலத்தில் டீசல் இயந்திரம் கப்பல்களிலும் ஆலைகளிலும் மட்டுமே பெரும்பாலும் இயங்கியது. ருடால்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்தில், அழுத்தப்பட்ட காற்றின் விசையால் எண்ணெய் உள்ளே பீய்ச்சப்பட்டது. அதற்கு வேண்டிய காற்றழுத்தக் கருவி பெரிதாகவும் கனமாகவும் இருந்தமையால், சாலை வண்டிகளுக்கு அது ஏற்றதாகவில்லை. காற்றின் துணையின்றி எண்ணெயை நேரே பீய்ச்சும் பம்பினைச் செய்ய 1922ஆம் ஆண்டின் இறுதியில் போஷ் முடிவெடுத்தார். அவருடைய பொறியாளர்கள் பல வடிவங்களைச் செய்து பார்த்தனர். ஐந்தாண்டு உழைப்பிற்குப் பின், 1927ஆம் ஆண்டில் அப்பம்பு பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கிற்று. அதன்பின் டீசல் லோரிகள் பெருகின.

இத்துணைக் காலம் பிடித்ததற்குக் காரணம் யாது? ஓர் இயந்திரம் நிமிடத்திற்கு 2,000 முறை சுழன்றால், அதன் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்திற்கு 1,000 முறை எண்ணெய் செல்லவேண்டும். ஒரு முறைக்கு வேண்டியதோ ஓரிரு துளிகளே. பம்பினுள் ஏறியிறங்கும் தண்டிற்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே ஆகும். அத்தண்டில் சாய்வான பள்ளம் ஒன்று வெட்டப்பட்டுள்ளது. தண்டைச் சற்றே திருப்பினால் எண்ணெயின் அளவு கூடும் அல்லது குறையும்.

பிற்காலத்தில் டர்போ என்னும் காற்றூட்டி பொருத்தப்பட்ட இயந்திரங்கள் பெருகின. மிகுதியான காற்று உட்புகுவதால் மிகுதியான எண்ணெயும் எரிய முடியும். ஆயினும், காற்றின் அழுத்தம் உயர்ந்த பின்னரே எண்ணெய் கூடவேண்டும். அதற்கென ஓர் உறுப்பு பம்பிலேயே அமைந்துள்ளது. உச்ச அளவைக் குறிக்கும் திருகினைச் சோதனை மேடையில் வைத்துச் சரிசெய்வர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் எண்ணெயைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, அளவு ஒத்திருக்கிறதா எனப் பார்த்து, முத்திரையிடுவர். வேகத்தை விரும்பி அம்முத்திரையை உடைத்துத் திருகினைத் திருப்புவோர் உளர். எரியாத எண்ணெய் கரும்புகையாய் வெளியேறும். வெப்பம் மிகுந்து பிஸ்டனும் டர்போவும் பழுதாகும். அமுதும் அளவு மீறினால் நஞ்சாகும் அன்றோ!

அளவறிந்த அவ்வறிவைப் போஷ் தம் தொழிலாளரிடமும் காட்டினார். 1906ஆம் ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலைமுறையைத் தம் தொழிற்சாலையில் நடைமுறைப்படுத்தினார். ஓய்வில்லா உடல் செம்மையான பொருளைச் செய்யாது என்பதை உணர்ந்தவர் அவர். 1940ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட் நகரில் அவர் நிறுவிய மருத்துவமனை திறக்கப்பட்டது.

அவர் வாழ்வின் இறுதிக் காலம் துயரம் மிக்கது. ஹிட்லரின் ஆட்சியை அவர் வெறுத்தார்; துன்புறுத்தப்பட்ட யூதர்கள் பலருக்கு மறைவாக உதவினார். எனினும், அவருடைய நிறுவனமே அவ்வாட்சிக்குப் போர்க்கருவிகள் செய்தது. கட்டாய உழைப்பாளர்களும் அங்கு வருந்தினர். இவ்வுண்மையையும் மறைத்தலாகாது. போர் முடியுமுன்பே, 1942ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

மாணவச் செல்வங்களே! கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினும் விடை பிழையாகும். பம்பில் ஒரு திருகு பிசகினும் வண்டி பழுதாகும். அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அளந்ததை நேர்மையோடு காத்துக்கொள்ளுங்கள். கைத்தொழில் கற்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ராபர்ட் போஷ் விட்டுச் சென்ற செல்வம் அதுவே.