ஊர் ஏறும் தேர்

பறம்பு மலைத் தலைவன் பாரி, படரக் கொழுகொம்பின்றி வாடிய முல்லைக்கொடிக்குத் தன் தேரையே ஈந்தான் என்பது பள்ளிப் பருவம் முதற்கொண்டு நாம் கேட்டுவரும் செய்தி. அக்காலத் தேர் எளிய பொருளன்று. தச்சரும் கொல்லரும் தம் கைத்திறன் முழுவதையும் கொட்டி ஆக்கிய அரும்பொருள். அரசரும் வேளிரும் மட்டுமே ஏறிச் சென்ற ஊர்தி. அத்தகைய தேர்கள் தமிழகத்தில் எத்தனையோ ஓடியிருக்கும். ஆயினும் இன்று நம் நினைவில் நிற்பது கொடிக்குக் கிடைத்த அந்த ஒரு தேர்தான்!

இக்காலத்திலும் அத்தகைய தேர்கள் உண்டு. பிரெஞ்சு நாட்டில் 2005 முதல் 2015 வரை செய்யப்பட்ட 'புகாட்டி வேரான்' என்னும் கார் அவற்றுள் ஒன்று. இரண்டே பேர் அமரலாம். எஞ்சினின் ஆற்றல் 1001 குதிரைத் திறன். மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம். 2010-இல் இந்தியாவில் இது அறிமுகமானபோது விலை 16 கோடி ரூபாய். மொத்தத்தில் செய்யப்பட்டவை 450 கார்கள். இவ்வளவு விலை கொடுத்தும், ஆக்கிய செலவு அதனினும் மிகுதி என்று கணக்கிட்டுக் காட்டியவர்கள் உண்டு. இத்துணைப் பொருளும் இத்துணைப் பொறியியல் உழைப்பும் இதற்குத் தகுமா? மாணவர் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் வினா இது. தகும் என்பார் சிலர். வீண் என்பார் சிலர். இதற்கு விடை காண ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அந்த அளவுகோலை நம் நெல்லைச் சீமை பெற்றெடுத்த ஒருவரின் வாழ்க்கையிலேயே காணலாம். அவர்தாம் டி.வி. சுந்தரம் ஐயங்கார்.

திருக்குறுங்குடி

மகேந்திரகிரி மலையின் அடிவாரத்தில், நம்பியாறு பாயும் செழிப்பில் அமைந்த ஊர் திருக்குறுங்குடி. ஆழ்வார்கள் பாடிய அழகிய நம்பி கோயில் கொண்ட தலம். அவ்வூரில் 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். இன்று நாடெங்கும் அறிந்த 'டி.வி.எஸ்.' என்னும் மூன்றெழுத்தில் முதலெழுத்துக் குறிப்பது திருக்குறுங்குடியையே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர்தான், 1876-இல், மணியாச்சி வழியாகத் திருநெல்வேலிக்கு இரயில் வந்தது. ஆயினும் திருக்குறுங்குடியைப் போன்ற தென்பகுதி ஊர்களுக்கு மாட்டுவண்டியே கதி. நான்குநேரி, வள்ளியூர் வழியாக நாகர்கோவிலுக்கு இரயில் ஓடத் தொடங்கியது 1981-இல்தான். இரயில் எட்டாத ஊர்களில் வாழ்ந்த மக்களுக்கு, ஓர் அவசரம் என்றால் நடையும் வண்டியும் தவிர வேறு வழியில்லை. அத்தகைய சீமையில் பிறந்தவர் பிற்காலத்தில் சாலைப் போக்குவரத்தைத் தம் தொழிலாகக் கொண்டது பொருத்தமே.

நிலையான வேலையைத் துறந்தவர்

தந்தையாரின் விருப்பப்படி சுந்தரம் ஐயங்கார் சட்டத் துறையில் முதலில் புகுந்தார். பின்னர் இரயில்வேயிலும், அதன் பின் வங்கியிலும் பணி புரிந்தார். அந்நாளில் படித்த குடும்பங்கள் மிக உயர்வாக மதித்த வேலைகள் இவை. மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் மதிப்பு, முதுமையில் பாதுகாப்பு. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, முப்பது வயதைக் கடந்த நிலையில், மோட்டார்த் தொழிலில் இறங்கினார். 1911-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1912-இல் மதுரையில் அவருடைய பேருந்துப் போக்குவரத்துத் தொடங்கிற்று.

அந்த ஆண்டை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். செருமானிய நாட்டில் கார்ல் பென்சு தம் மோட்டார் வண்டிக்கு உரிமம் பெற்றது 1886-இல். ஹென்றி ஃபோர்டு ஓடும் பட்டறை வரிசையில் கார்களை மலிவாகச் செய்யத் தொடங்கியது 1913-இல். எனவே 1912-இல் தமிழ்நாட்டில் கார் என்பது வெள்ளை அதிகாரிகளும், சமீன்தார்களும், பெருஞ்செல்வரும் வைத்திருந்த விளையாட்டுப் பொருள். இன்றைக்கு வேரான் எப்படியோ, அன்றைக்கு மோட்டார் வண்டியே அப்படி! இத்தனை செலவில் இப்படி ஒரு வண்டி எதற்கு என்று அன்றும் கேட்டிருக்கலாம். கேள்வியில் நியாயமும் இருந்திருக்கும்.

சுந்தரம் ஐயங்கார் அக்கேள்விக்குச் சொல்லால் விடை கூறவில்லை, செயலால் கூறினார். ஒருவர் ஏறிய வண்டியில் ஊரார் ஏறும்படி செய்தார். எஞ்சினுக்கான செலவைப் பலர் பங்கிட்டுக் கொள்ளும்போது, ஏழைக்கும் எட்டும் கட்டணமாக அது சுருங்கிவிடுகிறது. இதுவே அவர் கண்ட எளிய கணக்கு. அத்துடன் நேரம் தவறாமையையும் ஓர் அறமாகவே கொண்டார். டி.வி.எஸ். பேருந்தைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்தில் ஒரு பேச்சே வழங்கிற்று. குண்டும் குழியுமான சாலையில், பழுது நீக்க ஆள் கிடைக்காத காலத்தில், குறித்த நேரத்தில் வண்டியைக் கொண்டு சேர்ப்பது எளிதா? வேகத்தைக் கூட்டுவது மட்டுமே பொறியியல் அன்று. நாள்தோறும் தவறாமல் ஓடச் செய்வதும் பொறியியல்தான், அதுவே கடினமானதும்கூட.

போர்க்காலச் சோதனை

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-இல் மலாயாவும் பர்மாவும் ஜப்பானியர் வசமாயின. இரப்பர் தந்த நாடும் எண்ணெய் தந்த நாடும் கைவிட்டுப் போகவே, இந்தியாவில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பெட்ரோல் இன்றேல் பேருந்து இல்லை. பேருந்து இன்றேல் ஊர்களுக்கிடையே உறவில்லை.

அப்போது சுந்தரம் ஐயங்கார் கையாண்ட வழி கரிவாயு. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு உண்டாகும். அதைக் குளிரச் செய்து, தூசு நீக்கி, எஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோல் இன்றியே வண்டி ஓடும். இவ்வாறு இயங்கும் 'டி.வி.எஸ். கரிவாயுக் கலம்' அவருடைய நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டு உருவாயிற்று. இதில் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலில் கிடைப்பதைவிடக் குறைவு, வேகமும் குறைவு, கரி அள்ளிப் போடும் தொல்லை வேறு. ஆயினும் வண்டி நிற்கவில்லை! தேய்ந்த டயர்களுக்குப் புதுமுகம் கொடுக்கும் தொழிற்சாலையையும் அவர் நிறுவினார். தூக்கி எறிய வேண்டிய டயர் மீண்டும் சாலைக்கு வந்தது.

இங்கே அந்த வேரான் காரை மறுபடி நினைப்போம். அது தன் உச்ச வேகத்தில் ஓடினால் 100 லிட்டர் கொள்ளும் பெட்ரோல் தொட்டி ஏறத்தாழ 12 நிமிடத்தில் வற்றிவிடும். டயர்கள் கால் மணி நேரம் தாங்கும். இதற்குக் காரணம் இயற்பியல். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்ல வேண்டிய ஆற்றல் எட்டு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 400 கிலோமீட்டருக்குச் செல்ல, காற்றை எதிர்ப்பதற்கு மட்டும் 64 மடங்கு ஆற்றல் வேண்டும். மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீட்டரும் பொன்னின் விலை. ஓரிடத்தில் டயரை மீண்டும் ஓட வைக்க அறிவு செலவாகிறது. மற்றோரிடத்தில் டயரைக் கால் மணி நேரம் தாங்க வைக்க அறிவு செலவாகிறது. இரண்டும் அறிவே, ஆனால் பயன் பெறுவோர் எண்ணிக்கை ஒன்றா?

அரசர் வாங்காத கார்

புகாட்டி நிறுவனத்தைத் தோற்றுவித்த எட்டோரே புகாட்டி, சுந்தரம் ஐயங்காருக்கு நான்கே ஆண்டு இளையவர். 1920-களின் பிற்பகுதியில் அவர், அரசர்களுக்கென்றே 'ரோயால்' என்னும் மாபெரும் காரைச் செய்தார். எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 13 லிட்டர். உலகப் பொருளாதார மந்தம் வந்தது. விலை கொடுத்து வாங்கியவர்கள் மூவரே. எஞ்சின்கள் பட்டறையில் தேங்கின. நிறுவனம் ஆட்டங்கண்டது. அப்போது புகாட்டி அந்த எஞ்சின்களை இரயில் மோட்டார் வண்டிகளில் பொருத்தினார். 1933 முதல் பிரெஞ்சு நாட்டு இருப்புப் பாதைகளில் அவை பொதுமக்களை ஏற்றிக்கொண்டு விரைந்தன. அரசர் வாங்காத எஞ்சின் ஊரார் ஏறும் வண்டியை இழுத்தது, நிறுவனத்தையும் காத்தது. புகாட்டி நெருக்கடியில் கண்ட உண்மையைச் சுந்தரம் ஐயங்கார் தொடக்கத்திலேயே தொழிலாகக் கொண்டிருந்தார் எனலாம்.

மறுபக்கம்

ஆனால் ஒருபக்கம் மட்டும் பேசுவது நேர்மையாகாது. உச்ச வேகத்தைத் தேடிய முயற்சிகள் யாவும் வீண் என்று தள்ளிவிட முடியாது. 1953-இல் பிரெஞ்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் வெற்றி பெற உதவியது வட்டத் தகட்டு பிரேக். பந்தயத்திற்காகப் பாடுபட்டுச் சீராக்கிய அந்த பிரேக்கே இன்று சாதாரணக் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் உயிர் காக்கிறது. திருக்குறுங்குடிக்கு அருகிலேயே, மகேந்திரகிரியில், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் இராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. அதுவும் உச்சப் பொறியியலே, பெருஞ்செலவே. ஆனால் அதன் பயன் புயல் எச்சரிக்கையாகக் கடற்கரை மீனவர் குடிசைக்கும் வந்து சேர்கிறது.

சுந்தரம் ஐயங்காரின் வழிவந்தோரும் வேகத்தை வெறுக்கவில்லை. ஐம்பது சி.சி. எஞ்சினில் இருவர் செல்லும் டி.வி.எஸ். 50 மொபெட்டை 1980-இல் வெளியிட்டார்கள். வேரான் கார் ஒன்றின் எஞ்சின் கொள்ளளவில் அத்தகைய மொபெட்டு எஞ்சின்கள் 160 அடங்கும்! அடுத்த சில ஆண்டுகளிலேயே பந்தயத் துறையிலும் இறங்கினார்கள். 1907-ஆம் ஆண்டிலேயே மேன் தீவுப் பந்தயத்தில் வென்ற இங்கிலாந்தின் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை 2020-இல் வாங்கினார்கள். மொபெட்டில் வேர் ஊன்றிய பின்னர் பந்தயத்திற்குக் கிளை விட்ட முறை நோக்கத்தக்கது.

குடும்பமும் இறுதிக் காலமும்

தொழிலில் புதுமையை வரவேற்றவர்க்கு வீட்டிலும் ஒரு சோதனை வந்தது. மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். பின்னர் மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனை மணக்க அவர் விரும்பியபோது, சாதி வேறு என்பதால் பெற்றோர் இசையவில்லை. சாலையில் புதிய வழி கண்டவருக்கும் குடும்பத்தில் பழைய தடம் விட்டு விலகுவது எளிதாக இல்லை. காந்தியடிகளின் ஆசியுடன் 1940-இல் அத்திருமணம் நடந்தேறியது. அச்சௌந்தரம் அம்மையாரே 1947-இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்து, ஏழை மக்களுக்கு மருத்துவமும் கல்வியும் தந்து புகழ் பெற்றார்.

சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய தொழில், 'சதர்ன் ரோட்வேஸ்' என்ற பெயரில் பேருந்துகளும் லாரிகளும் ஓடும் பெரு நிறுவனமாயிற்று. கார் விற்பனைக்குச் சுந்தரம் மோட்டார்ஸ், உதிரிப் பாகங்களுக்கு மதராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று கிளைகள் பெருகின. பொறுப்பை மைந்தர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு கொண்ட அவர், 1955 ஏப்ரல் 28-இல் கொடைக்கானலில் தம் 78-ஆம் வயதில் இயற்கை எய்தினார். 1960-களில் அவர்தம் மைந்தர்கள் சக்கரம், பிரேக், மின்கருவி, திருகாணி முதலியன செய்யும் தொழிற்சாலைகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினார்கள்.

அவர் ஓட்டிய பேருந்துகளின் கதை அத்துடன் முடியவில்லை. மதுரையில் டி.வி.எஸ். பேருந்துகள் அரசுடைமை ஆக்கப்பட்டு, 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அதிலிருந்து 1974-இல் நம் பகுதிக்கெனக் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. பின்னர்ப் பெயர் மாறி, இன்று அரசுப் போக்குவரத்துக் கழகமாக விளங்குகிறது. 2021-இல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணமும் வந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்தும் சேரன்மாதேவியிலிருந்தும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் மாணவ மாணவியர் அனைவரும் ஒருவகையில் அந்தத் திருக்குறுங்குடிக்காரருக்குக் கடன்பட்டவர்களே.

முடிவுரை

ஆக, விலைமிக்க வேகக் கார் தகுமா என்ற வினாவிற்கு விடை அந்தக் காரினுள் இல்லை. அதை ஆக்கக் கண்ட அறிவை எடுத்து ஊருக்கு உதவச் செய்வார் உளரா என்பதில்தான் இருக்கிறது. அத்தகையவர் இருந்தால் பந்தயத்து பிரேக்கும் பயன்படும். அரசர்க்கான எஞ்சினும் பயன்படும். இல்லையேல் கோடி கொட்டிச் செய்த காரும் கொட்டகையில் உறங்கும். தாமிரபரணியின் குறுக்கே 1843-இல் எழுந்த பாலத்தைச் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளால் கட்டித் தந்தார். அவர் செல்வத்தை நெல்லை மறக்கவில்லை. காரணம், அதன்மீது ஊரே நடக்கிறது.

நம் கல்லூரியில் பயின்று செல்வோருள் நாளை பொறியியல் பயில்வோர் இருப்பர். தொழில் நடத்துவோர் இருப்பர். பொருளாதாரத் திட்டம் வகுப்போரும் இருப்பர். உச்சத்தைத் தொடும் ஆற்றல் வரட்டும். வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தேர் செய்து முடித்தவுடன், இதில் ஏறப் போகிறவர் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். 1912-இல் திருக்குறுங்குடி தந்த மைந்தர் எண்ணிப் பார்த்தது அதுவே.